உங்களைப் போல இல்லாத காம்போதி

என் அண்ணே,

உங்கள் மகள் பதினைந்து நாள் என்னோடு பேசாமல் இருந்தாள். அந்தக் கதையை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். அண்ணியிடம் பாதிதான் சொன்னேன்.

நீங்கள் போன பிறகு ஒரு வருஷம் நான் நாயனத்தைத் தொடவில்லை. பன்னிரண்டு வருஷம் உங்கள் பக்கத்தில் இரண்டாவது நாயனமாக உட்கார்ந்தவன். ராகத்தை நீங்கள் தொடங்குவீர்கள், நான் பின்னாலேயே வருவேன். தனியாக என்ன செய்வது? உங்களிடம் வாசிக்கக் கற்ற யாழினிதான் ஒருநாள் வந்து, "காலேஜ் லீவு சித்தப்பா. வாங்க, வாசிக்கலாம்" என்று நாயனத்தின் உறையைப் பிரித்தாள்.

காட்டூரில் ஒரு கல்யாணம். உங்கள் இடத்தில் நான், என் இடத்தில் அவள். காம்போதி ராகத்தை அப்படியே நீங்கள் எடுக்கிற மாதிரி எடுத்தேன். மேலே போய் நின்று, மூச்சு முடிகிற நேரத்தில் லேசாக இறங்குவீர்களே, அதைக்கூட விடவில்லை. கல்யாணப் பெண்ணின் தாத்தா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கிட்டா உங்க அண்ணன்தான் தம்பி" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பும்போது யாழினி பஸ் ஜன்னலுக்கு வெளியிலேயே பார்த்துக்கொண்டு வந்தாள். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, திருவானைக்காவல் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன்.

"என்னம்மா, நல்லா இல்லையா?"

"நல்லாதான் இருந்துச்சு. அப்பா வாசிக்கிற மாதிரியே இருந்துச்சு. திரும்பிப் பாத்தா நீங்க இருக்கீங்க. எனக்கு மறுபடியும் மொதல்லேர்ந்து..." முடிக்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "நீங்க எப்ப சித்தப்பா வாசிப்பீங்க?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நானும் விட்டுட்டா உங்கப்பா வாசிப்பு யார்கிட்ட இருக்கும்?" என்று அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "எங்கிட்டயும்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் அவள் மட்டும் ஏறிப் போய்விட்டாள்.

வீட்டில் உட்கார்ந்து என்னுடைய காம்போதி எது என்று தேடினேன். இல்லை, அண்ணே. ஒன்றை இப்போதாவது சொல்லிவிடுகிறேன். ஒருமுறை என்னைத் தனியாக வாசிக்கக் கூப்பிட்டார்கள். 'அண்ணன் சம்மதிக்க மாட்டார்' என்று உங்கள் மேல் பழியைப் போட்டு மறுத்தேன். உங்களைக் கேட்கவே இல்லை. எனக்குப் பயம். உங்களுக்கு அது தெரிந்திருந்ததா?

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். யாழினி வந்தாள், பேசாமல் உட்கார்ந்தாள். காம்போதியையே எடுத்தேன், என் போக்கில். பாதியில் வழி தெரியாமல் நின்றுவிட்டேன். தவில்காரர் என்னையே பார்க்கிறார். யாழினி கீழே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு அசையாமல் காத்திருந்தாள், அவசரப்படுத்தவே இல்லை. அதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக மேலே ஏறினேன். தடுமாற்றம்தான். ஆனால் இரண்டு இடம் நன்றாக வந்தது. இரண்டுமே உங்களுடையவை இல்லை.

அன்று யாரும் உங்கள் பேரைச் சொல்லவில்லை. வலித்தது. கொஞ்சம் நிம்மதியாகவும் இருந்தது. இது தப்பா அண்ணே?

"அந்த ரெண்டாவது எடம் என்ன சித்தப்பா? எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றாள் யாழினி.

"எனக்கே தெரியாதும்மா."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

தை மாசக் கல்யாணத்தில் ராகத்தை அவள்தான் தொடங்கப் போகிறாள். அண்ணிக்கு இன்னும் பயம் போகவில்லை, படிப்பு என்ன ஆகும், ஊர் என்ன சொல்லும் என்று. படிப்பை முடிக்க வைப்பது என் பொறுப்பு. அவளை யார் முதுகுக்குப் பின்னாலும் ஒளிந்துகொள்ள விடமாட்டேன், அண்ணே. என் பின்னால் மட்டுமில்லை, உங்கள் பின்னாலும்தான்.

உங்கள் தம்பி,
யாழினியின் சித்தப்பா