ஒரு விசிலா, இரண்டு விசிலா

2025 ஜூன் 9, திங்கள்

டிப்போ பலகையில் சர்குலர் ஒட்டியிருக்கிறார்கள். பதினைந்து வருஷம் முடித்த கண்டக்டர்கள் செக்கிங் இன்ஸ்பெக்டர் பதவிக்கு விண்ணப்பிக்கலாம். எனக்குப் பத்தொன்பது முடிந்தது. கடைசி நாள் முப்பதாம் தேதி. மூன்று வருஷத்தில் எந்தத் தண்டனையும் வாங்கியிருக்கக் கூடாதாம். வாங்கவில்லை. உத்தமன் என்பதால் இல்லை, மாட்டவில்லை, அவ்வளவுதான்.

பானுமதி, "போடுங்க. முட்டி தேயற வரைக்கும் நின்னுக்கிட்டே இருக்கப் போறீங்களா?" என்கிறாள். பிரபாகரிடம் சொன்னேன். ஒன்பது வருஷமாக என் வண்டி டிரைவர். "செக்கர் ஆயி என் வண்டியிலயே ஏறி எனக்கே மெமோ குடுப்ப. போடாதடா" என்று சிரித்தான். செக்கர்களை நானே எவ்வளவு திட்டியிருக்கிறேன்! நாளைக்கு அத்தனை வாயும் என்னைத் திட்டும். யோசிக்கணும்.

ஜூன் 12, வியாழன்

வலது கண் திறக்கவில்லை. உதட்டில் நாலு தையல். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நல்லம்பள்ளி தாண்டி எவனோ ஒருவன் பைக்கை பஸ்ஸுக்குக் குறுக்கே போட்டான். படிக்கட்டில் நின்ற என்னைச் சட்டையோடு கீழே இழுத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே மூஞ்சியில் அடித்தான். "எங்கம்மாவ இழுத்துக்கினு போனியேடா நாயே!" அடிக்கு ஒரு தரம் அதையே சொன்னான். ஜல்லியில் என் முகத்தை வைத்துத் தேய்த்தான். வண்டி நிறைய ஆள், ஒருத்தனும் இறங்கலை. ரெண்டு பேர் வீடியோ எடுத்தானுங்க. பிரபாகர்தான் ஓடி வந்து அவனைப் பிய்த்து எறிந்தான்.

அவன் கையை ஒடிக்கணும். ரெண்டையும்.

ஜூன் 13

ஆள் சிக்கிவிட்டான். சத்யராஜ், வத்தல்மலைக்காரன். வேலையில் இருந்த அரசு ஊழியரை அடித்த கேஸ், உடனே ஜாமீன் வராது என்றார் ஏட்டய்யா. சந்தோஷமாக இருந்தது.

அவன் அம்மா செல்லி இதே ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டில் கிடக்கிறாளாம். இடது கை முறிவு. முன்பல் இரண்டு போச்சு.

இங்கே பொய் எழுதி என்ன ஆகப் போகிறது? நேற்று நான் அடி வாங்குவதற்குச் சற்று முன்னால், ஸ்டாப்பில் ஏழு பேர் நின்றார்கள், ஏழும் பெண்கள். வண்டி பன்னிரண்டு நிமிஷம் லேட். பிரபாகர் வேகத்தைக் குறைத்துவிட்டான். நான் ஒரு விசில் அடித்திருந்தால் நிறுத்தியிருப்பான். இரண்டு அடித்தேன், எடு என்று. ஓசி டிக்கெட்டுங்கதானே, அடுத்த வண்டியில் வரட்டும் என்று நினைத்தேன். அதற்குள் செல்லி கம்பியைப் பிடித்துவிட்டாள்; வண்டி அவளை இழுத்துக்கொண்டே போய்க் கீழே தள்ளியிருக்கிறது. பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டியவன் யார்?

ஜூன் 16

மேனேஜர் வந்தார். "ஒரு விசில்தானே குடுத்தீங்க, குப்புராஜ்?" கேட்ட விதத்திலேயே பதிலும் இருந்தது. ஒன்று என்றால் நிறுத்தாமல் போன தப்பு டிரைவர் மேல். இரண்டு என்றால் என் மேல், விண்ணப்பமும் செத்தது.

"ஆமாங்க சார், ஒண்ணுதான்."

எழுதியும் கொடுத்தேன். ஒரு எழுத்தைக்கூட அடித்துத் திருத்தலை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஜூன் 18

பிரபாகரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். விண்ணப்பம் எழுதி முடித்தேன். இன்னும் கொடுக்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலையில் பிரபாகர் வூட்டுக்கு வந்தான். உட்காரச் சொன்னேன். குத்தினான். தையல் போட்ட இடத்திலேயே. கீழே விழுந்தவனை இழுத்து நிறுத்தி மறுபடியும் குத்தினான். பானுமதி அலறிக்கொண்டு நடுவில் புகுந்தாள்.

"ஒம்போது வருஷமா உன் விசிலை நம்பித்தான்டா கிளட்ச்ச வுட்டேன்! ஒரு நாள் திரும்பிப் பார்த்திருப்பனா?"

அவன் அழுதுகொண்டே அடித்தான். நான் கையைத் தூக்கவே இல்லை. ரத்தம் சட்டையெல்லாம். தெருவே வேடிக்கை பார்த்தது.

ஜூன் 22

சாப்பிடும்போது பானுமதி கேட்டாள்: "அன்னிக்கு ஊதுனது ஒண்ணா ரெண்டாங்க?"

தட்டைச் சுவரில் அடித்தேன். குழம்பு கூரை வரைக்கும் தெறித்தது. "வேலையப் பாருடி!" என்று கத்தினேன். அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டுதான்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கல்யாணமாகி இருபது வருஷத்தில் முதல் தடவை. அவள் நகரவே இல்லை. நான்தான் வெளியே போனேன். சீ.

ஜூன் 25, புதன்

தையல் பிரிக்கப் போனேன். வராந்தாவில் செல்லி. கையில் மாவுக்கட்டு, வாய் உள்ளே போயிருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நழுவப் பார்த்தேன்.

"ஏய் கண்டக்டரு, நில்லு" என்றாள். "நீ ஊதுனத நான் கேட்டேன். ரெண்டு வாட்டி. போலீசும் கேக்கல, உன் ஆபீசும் கேக்கல. மலைக்காரி பேச்ச எவன் கேக்கறான்? எலும்பு கூடிரும். எம் மவன ஜெயில்ல வெச்சிட்டு நீ எப்படிடா சோறு துன்ற?"

அந்தக் கட்டுப் போட்ட கையாலேயே என் மண்டையைப் பிளந்திருக்கலாம். தாங்கியிருப்பேன்.

ஜூன் 30, திங்கள்

டிப்போ விசாரணையும் இன்றைக்கே, விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் இன்றைக்கே. விண்ணப்பம் சட்டைப் பையில். பிரபாகர் எதிரே உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்க்கவில்லை.

விசாரணை அதிகாரி கேட்டார்: "ஒரு விசிலா, ரெண்டு விசிலா?"

"ரெண்டுங்க சார். எழுதிக் குடுத்தது பொய்."

வெளியே வந்ததும் மேனேஜர் கடித்துக் குதறினார். "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டியேய்யா!" விண்ணப்பத்தை நாலாகக் கிழித்துப் போட்டேன். நேராக போலீஸ் ஸ்டேஷன் போய், சத்யராஜ் ஏன் அடித்தான் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். பிரபாகரைத் தேடினேன். போய்விட்டிருந்தான்.

ஜூலை 3

எனக்கு மூன்று மாதம் சஸ்பென்ஷன். பிரபாகருக்கு டியூட்டி திரும்பக் கிடைத்தது. ஏழெட்டு தடவை போன் போட்டேன். எடுக்கலை.

ஜூலை 14

சத்யராஜுக்கு ஜாமீன். அவனைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அவன் மேல் கோபமும் இல்லாமல் போய்விட்டது. கண் மட்டும் இன்னும் வலிக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

மறுபடியும் டியூட்டி. பிரபாகர் வேறு கண்டக்டர் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். டிப்போ கேட்டுக்குப் பக்கத்தில் என்னைத் தாண்டித்தான் போனான். "பிரபா" என்றேன். காதில் விழுந்தது, அது எனக்குத் தெரியும்.

எனக்குக் கொடுத்தது தமிழ்மணி என்ற சின்ன வயசுப் பையன், தங்கமான டிரைவர். ஸ்டாண்டில் ஆள் ஏறி முடிந்ததும் விசிலை வாயில் வைத்தேன். சீட்டிலிருந்து முழுசாகத் திரும்பினான்.

"அண்ணே, கோச்சுக்காதீங்க. விசில் வேணாம், வாயில சொல்லிருங்க. டிப்போல எல்லாரும் அப்படித்தான் சொல்லி அனுப்புனாங்க."

வண்டி மொத்தமும் என்னையே பார்த்தது. படிக்கட்டுக்கு இறங்கி, முன்னும் பின்னும் எட்டிப் பார்த்தேன்.

"போலாம்" என்றேன். அவன் எடுக்கவில்லை, கண்ணாடியில் தானும் ஒரு தரம் படிக்கட்டைப் பார்த்தான். இன்னொரு தரம் சத்தமாகச் சொன்னேன்.