இடப்பக்கத்து இருமல்

இருமினால்கூட ராகத்தின் நடுவில்தான் இருமுவேன் என்று இருந்த என் அன்பு மாமாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. உங்கள் மருமகளின் காது நன்றாக இருக்கிறது. கெட்டுப்போனது உங்கள் ஆம்ப்ளிஃபயரின் வால்வு. அது தெரிந்த அன்று நான் கூடத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே அழுதேன். உங்கள் பிள்ளை பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு, உங்கள் கையால் கட்டிய அந்த ஆம்ப்ளிஃபயரை நிறுத்த அவருக்கு மனம் வரவில்லை. நீங்கள் சாயங்காலம் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்பீர்கள், நிறுத்திவிடுவீர்கள். அவரோ ராத்திரி பகல் பார்க்காமல் எரியவிட்டார். பாட்டு ஓடாவிட்டாலும் பல்பு மாதிரி இருக்கிற அந்த வால்வுகள் மட்டும் கண்ணாடிக்குள் சிவந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே சுவரில் உங்கள் படம். வந்தவர்கள் எல்லாம், "பிள்ளைன்னா இப்படி இருக்கணும்" என்றார்கள். மந்தைவெளியில் அவருக்கு ஏக மரியாதை.

அப்புறம்தான் எனக்கு அந்தப் பயம் வந்தது. ஒரு நவராத்திரிக்கு நான் வீட்டில் வயலினில் வாசித்த கல்யாணியைக் கேசட்டில் பதிவு செய்தீர்களே, நினைவிருக்கிறதா? இரண்டு மைக் வைத்துவிட்டு, இடப்பக்கத்து மைக்குக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தீர்கள். ஆலாபனை மேலே ஏறுகிற இடத்தில் சரியாக இருமினீர்கள். எப்போது போட்டாலும் அந்த இடத்தில் இடப்பக்கத்து ஸ்பீக்கரிலிருந்து அந்த இருமல் வரும். "மாமாவின் தனி ஆவர்த்தனம்" என்று நான் கேலி செய்வேன்.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கேசட்டைப் போட்டேன். இருமலைக் காணோம். இடப்பக்கமே மங்கி, யாரோ போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் இருந்தது.

வயலின் வாசிப்பவர்களுக்கு இடது காதுதான் முதலில் போகும் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். அன்றிலிருந்து எதிலும் சந்தேகம். என் வயலின் வகுப்புப் பிள்ளைகள் ஒழுங்காக வாசித்தாலும் சுருதி விலகியதாகத் தோன்றும், மறுபடி வாசிக்கச் சொல்வேன். திருவான்மியூரிலிருந்து தன் பெண்ணைச் சேர்க்க வந்த ஒரு அம்மாவிடம் இடமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். காது போனால் வகுப்பு போகும். வகுப்பும் போய்விட்டால் நான் யார், மாமா?

அடையாறில் காது டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தேன். அவர் வாயால் சொல்லாதவரைக்கும் ஒன்றுமில்லை என்று இருக்கலாமே என்ற நப்பாசை. உங்கள் பிள்ளையிடம் சொன்னால், "மெட்ரோவுக்குத் தோண்டிக்கினே இருக்காங்க. இந்தத் தெருவுல யாருக்குத்தான் காது கேக்குது?" என்றார். அவருக்கென்ன, கேட்கவேண்டியதே அவருக்குக் கேட்காது.

போன வாரம் ஒரு காலை, வயலினுக்குப் புதுத் தந்தி போட உட்கார்ந்தேன். வெளிச்சம் வேண்டுமென்று ஜன்னலைப் பார்த்து, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தேன். பின்னால் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று உறைத்தது. மங்கல் இப்போது வலது காதுப் பக்கம் இருக்கிறது! திரும்பி உட்கார்ந்தேன், இடது பக்கம் வந்தது. மறுபடி முதுகு காட்டினேன், வலது பக்கம் போயிற்று. கோளாறு என் காதில் என்றால், நான் எப்படித் திரும்பினாலும் அது இடது காதிலேயே அல்லவா இருக்க வேண்டும்?

குளித்துவிட்டு வந்த உங்கள் பிள்ளை ஈரத் துண்டோடு நின்றார். "இன்னா பண்ணிக்கினு இருக்கே? ராட்டினமாட்டம் சுத்தறே?"

"என் காது போவலைங்க! உங்கப்பா செட்டுதான் போயிருக்கு!"

"அதுக்கா இவ்ளோ சந்தோஷம்?"

செட்டை நிறுத்தி, சூடு ஆறும்வரை காத்திருந்து, இடப்பக்கத்துப் பெரிய வால்வை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்ததை இடப்பக்கத்திலும் மாற்றிச் செருகினோம். நீங்கள் செய்து நான் பார்த்ததுதான். மங்கலும் கூடவே வலப்பக்கம் போய்விட்டது. திருடன் அகப்பட்டான்! எரிய எரிய உள்ளே இருக்கிற பூச்சு தேயும், வால்வு பலமிழக்கும், மெல்லிய ஒலிகள்தான் முதலில் காணாமல் போகும் என்பீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதால் கூடவே இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்றும் சொல்வீர்கள்.

"அப்பாவுக்காகத்தானே எரியவிட்டேன்" என்றார் உங்கள் பிள்ளை, முகம் சின்னதாகி. பாசத்தாலேயே தேய்த்துவிட்டீர்களே என்று வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

பிஸ்கட் டப்பாவில், என் பழைய சேலைத் துணியில் சுற்றி நீங்கள் வைத்திருந்த புது வால்வுகளை எடுத்தோம். ஒன்று போதுமே என்றார். "ஜோடியாத்தான் மாத்தணும். ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ரெண்டும் ஒத்துப்போவாது" என்று உங்களைப் போலவே சொல்லிக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

கேசட்டைப் போட்டோம். கல்யாணி மெல்ல ஏறியது. இரண்டு பக்கமும் பளிச்சென்று இருந்தது, வில் தந்தியில் உரசுவதுகூடக் கேட்டது. அந்த இடம் நெருங்க நெருங்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இடப்பக்கத்திலிருந்து நீங்கள் இருமினீர்கள்.

"தண்ணி வேணுமாப்பா?" என்று கேட்டுவிட்டார் உங்கள் பிள்ளை.

கேட்ட பிறகுதான் யாரிடம் கேட்டோம் என்று அவருக்கே தெரிந்தது. என் காது திரும்பி வந்தது என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன், அவருக்கு அப்பாவே திரும்பி வந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கேசட் முடிந்ததும் அவரே எழுந்து போய் ஸ்விட்சை நிறுத்தினார்.

இப்போதெல்லாம் நீங்கள் கேட்டதுபோல் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான். புது வால்வு புதுச் செருப்பு மாதிரி கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, பழகிவிடும். அடையாறு டாக்டரையும் ஒருமுறை பார்த்துவிடுகிறேன், இப்போது பயமில்லை. திருவான்மியூர்ப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன், திங்கட்கிழமையிலிருந்து வருகிறாள். அவள் தேறி, நம் கூடத்தில் உட்கார்ந்து கல்யாணி வாசிக்கிற நாளில் நான் பதிவு செய்வேன். இடப்பக்கத்து மைக்குக்குப் பக்கத்தில் உங்கள் நாற்காலியைப் போட்டுவைப்பேன், மாமா. இது என் வாக்கு.

இரண்டு காதும் நன்றாகக் கேட்கிற,
உங்கள் மருமகள்
கல்பனா