நைராவுக்கு இரண்டு விலை

யூன் 3, செவ்வாய்
மழை. லிட்கம் ரயில் பிந்தியது, நானும் பிந்தினேன். கணக்காளர் அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை. கவனித்திருக்கவே மாட்டார்கள்.

வாசுதேவன் புது வேலை தந்தார். இந்த மனுசனை எப்படிக் கூப்பிடுவதென்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் ‘வாசு’ என்கிறார்கள். மேலாளர், அப்பாவின் வயது, எனக்கு வாய் வராது. அவராகத் திரும்பிப் பார்க்கும்வரை பக்கத்தில் போய் நிற்பேன்.

விவாகரத்து வழக்கு. நைஜீரியக் குடும்பம். மனைவி பெயர் பிளெஸ்ஸிங், முதியோர் இல்லத்தில் தாதி. லாகோசில் உள்ள தன் தம்பிக்கு முப்பத்தொன்பதாயிரம் அவுஸ்திரேலிய டொலர் அனுப்பியதாகச் சொல்கிறாள். 2021, 2022 இல். அதற்கு மேல் எங்கோ ஒளித்திருக்கிறாள் என்கிறான் கணவன். தம்பி தன் வங்கிக் கணக்கு விவரத்தைத் தானாகவே அனுப்பிவைத்திருக்கிறான். அதில் விழுந்த நைஜீரியக் காசை, நைராவை, அந்தந்த நாள் விலைக்கு டொலராக்க வேண்டும். எங்களிடம் கேட்டிருப்பது கணவனின் வக்கீல்.

யூன் 5, வியாழன்
நைஜீரிய மத்திய வங்கியின் பழைய விலைகளை எடுத்துக் கணக்கை முடித்தேன். ஐம்பத்தெட்டாயிரம் வருகிறது! அவள் பொய்தான் சொல்லியிருக்கிறாள்.

வாசுதேவன் “சூப்பர்மா” என்றார். வக்கீலுக்குத் தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார். கூடுதலாக வந்த பத்தொன்பதாயிரத்தை அவள் பங்கில் கழித்தால் வீட்டை விற்றே ஆகவேண்டுமாம். இரண்டு பிள்ளைகளோடு அந்த வீட்டில்தான் இருக்கிறாள்.

என் வேலையை ஒருவர் பாராட்டியது இதுதான் முதல் தடவை. வரும் வழியில் கேக் வாங்கினேன். என்னத்துக்கு என்று அப்பா கேட்டார். சும்மா என்றேன்.

யூன் 7, சனி
அம்மாவோடு மீன் கடைக்குப் போனேன். சிறிதரன் அங்கிள் நின்றார். எங்களுக்கு உண்டியலில், வங்கிக்கு வெளியே கைமாற்றாக, ஊருக்குக் காசு அனுப்பித் தந்தவர்.

“என்ன மயூரா, வேலை கிடைச்ச உடன எங்களை மறந்திட்டீர். இப்ப ரேட் கேக்கிறேல்லை.”

“இப்ப பாங்கும் நீங்களும் ஒரே விலைதானே,” என்றா அம்மா. “பிறகேன் உங்களிட்ட வாறது?”

இருவரும் சிரித்தார்கள். நான் மீன் பையோடு அப்படியே நின்றேன்.

2022 தொடக்கத்தில், இலங்கை ரூபா விழுவதற்கு முன், அவருக்குத் தொலைபேசி எடுத்து விலை கேட்பது நான்தான். ஒரு டொலருக்கு வங்கி நூற்று நாற்பத்தைந்து ரூபா தந்தது, அவர் நூற்று எண்பது. இங்கே டொலரை அவர் கையில் கொடுப்போம். அங்கே யாரோ ஒருவர் ஊரில் இருக்கும் சித்தியின் கணக்கில் ரூபாவைப் போடுவார். யார் வங்கியில் அனுப்பினார்கள்?

சித்தியின் கணக்கை எடுத்து, வங்கி விலைக்கு ஒருவர் டொலராக்கிப் பார்த்தால், அனுப்பியதைவிடக் கூட வரும். அம்மாவும் பொய்க்காரி.

கடவுளே, நான் என்ன செய்து வைத்திருக்கிறன்.

யூன் 8, ஞாயிறு
காலையிலிருந்து லாகோஸ் பத்திரிகைகளைத் தேடி வாசித்தேன். மத்திய வங்கி விலை டொலருக்கு முந்நூறு நைரா அளவில் நின்ற மாதங்களில் தெரு விலை நானூற்றைம்பது. அந்த விலையில் திரும்பவும் கணக்குப் பார்த்தேன். முப்பத்தொன்பதாயிரத்துக்குக் கிட்ட வந்து நிற்கிறது.

எப்படி அனுப்பினாள் என்று அவள் ஏன் சொல்லவில்லை? அம்மா என்றால் கோர்ட்டில் சொல்லுவாவா? மத்தியானம் கேட்டுப் பார்த்தேன். “உதெல்லாம் வெளியில கதைக்கிற விசயமே?” என்றுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

நான் வாயைத் திறந்தால், உனக்கெப்படித் தெரியும் என்றுதானே முதலில் கேட்பார்கள்.

யூன் 9, திங்கள்
விடுமுறை. பயமாக் கிடக்கு.

யூன் 10, செவ்வாய்
வாசுதேவன் பக்கத்தில் போய் நின்றேன். திரும்பினார். இரண்டு கணக்கையும் காட்டினேன்.

கறுப்புச் சந்தை விலையைக் கோர்ட்டில் காட்டினால் சிரிப்பார்கள் என்றார். அரசு விலைதான் விலை என்றார். “நமக்கு ஃபீஸ் தர்றது யாரும்மா? அதை மறந்துட்டியா?”

“நாங்கள் கோர்ட்டுக்குத்தானே எழுதுறம், வக்கீலுக்கில்லையே...” என்றேன்.

“இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்கட வீட்டிலயும் அப்பிடித்தான் அனுப்பினது.”

சொல்லிவிட்டேன். அவர் கதவைப் பார்த்தார். அங்கே தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இருவர் மட்டும்தான், ஆனாலும் பார்த்தார்.

கோர்ட்டுக்குப் போகும் அறிக்கையில் உதவியாளர் என்று என் பெயரும் போகும். அது நினைவு வந்தது. “ஒரு விலையோடதான் போறதெண்டால் என்ர பேரை எடுத்துவிடுங்கோ.” இது என் வாயிலிருந்தா வந்தது?

அவர் கணினித் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டார். “ரெண்டையும் போடு,” என்றார். இந்த முறை ‘மா’ சேர்க்கவில்லை.

யூன் 12, வியாழன்
அறிக்கை இரண்டு விலையோடும் போனது. பிற்பகல் வக்கீல் தொலைபேசி எடுத்தார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு வாசுதேவன் கதைத்தார், பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது காது சிவந்திருந்தது.

ஓகஸ்ட் 6, புதன்
வக்கீலிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல்: சமரசம் ஆகிவிட்டது, வீடு மனைவிக்கு. அவர் இனி எங்களுக்கு வேலை தரமாட்டார் என்று அலுவலகத்தில் கதை.

அதை எனக்கு அனுப்பிவைத்தது வாசுதேவன்தான். மேலே ஒரு சொல்லும் எழுதவில்லை. யூனிலிருந்து என்னோடு ஆங்கிலத்தில் மட்டும்தான் கதைக்கிறார். அனுப்பாமலே விட்டிருக்கலாம். ஏன் அனுப்பினார்?

பின்னேரம் வெளிக்கிடும்போது அவர் திரும்பும்வரை நிற்கவில்லை. “பாய், வாசு,” என்றேன்.

தலையை நிமிர்த்திப் பார்த்தார்.