வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டிய கட்டணம்

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், கடையும் சுகம். நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, இருமல் விட்டு, நல்லபடியாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், பேச வந்த விஷயம் அப்படியே நின்றுவிடும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், அப்பா இதைப் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவார்.

இரண்டாம் வருடக் கட்டணத்தை வெள்ளிக்கிழமைக்குள் கட்ட வேண்டுமாம், ஆனால் நீ கட்டப் போவதில்லையாம், படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்கு வந்து கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பள்ளியில் கூடப் படித்தவள் கம்ப்யூட்டர் படித்து உன்னைப் போல இரண்டு மடங்கு சம்பளம் வாங்கப் போகிறாளாம், மார்க்கெட்டிங்கும், கடையில் சரக்கைத் தேர்ந்து அடுக்கி விற்கச் சொல்லித்தரும் மெர்ச்சண்டைசிங்கும் படித்து நீ துணி மடிக்கத்தான் போகிறாயாம், போட்ட பணம் திரும்பாதாம். யாரடி உனக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தது என்று பார்த்தால் என் தம்பி, உன் அருமை மாமா! கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவன் ஆயிற்றே, சும்மா இருப்பானா. கட்டணம், அறை வாடகை, இந்த இரண்டு வருடம் நீ வேலைக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் சம்பளம் எல்லாவற்றையும் கூட்டி, போட்டதை எடுக்கவே எட்டு வருஷம் ஆகும்க்கா என்று என்னிடமும் வந்து நின்றான். நான் சும்மா விடவில்லை. முதல் வருடத்துக்குக் கட்டியது போனது போனதுதான், அவள் நிறுத்தினாலும் வராது, படித்தாலும் வராது, அதை ஏன்டா இதில் சேர்த்தே என்று கேட்டேன். பேனாவை எடுத்து அதை அடித்தான். அப்புறம் பார்த்தால், வேலையில் சேரும் நாள் வாங்கும் சம்பளத்தையே நீ எட்டு வருடமும் வாங்குவதாகப் போட்டிருக்கிறான். ஏன்டா, நீ சேர்ந்தப்ப வாங்கின சம்பளத்தையேவா இன்னைக்கும் வாங்கறே என்றேன். இரண்டையும் திருத்திப் போட்டால் எட்டு வருடம் மூன்றரையாகக் குறைந்தது. அதுவும் நிச்சயமில்லைக்கா என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். பாவம், உன் மேல் பிரியம் இருக்கப்போய்த்தானே இவ்வளவு மெனக்கெட்டான், அவனிடம் கோபித்துக்கொள்ளாதே.

நிச்சயமில்லை என்று அவன் சொன்னது உண்மைதான், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். பெரிய துணிக்கடை மேனேஜரம்மா நம்மிடம் பாத்திரம் வாங்க வருவாரே, அவரைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். முதல் ஒன்றிரண்டு வருடம் பட்டம் வாங்கினவளும் வாங்காதவளும் ஒரே மாதிரி கால் கடுக்க நிற்க வேண்டியதுதான் என்றார். அதற்குப் பிறகு எந்தச் சரக்கு எடுப்பது, என்ன விலை வைப்பது என்று முடிவு செய்யும் இடத்துக்குப் போகிறவர்களுக்குச் சம்பளம் கிடுகிடுவென்று ஏறுமாம். எல்லாரும் போவதில்லை, படிக்கும்போதே ஒரு கடையில் பயிற்சிக்கு நின்றவர்களைத்தான் நாங்கள் முதலில் பார்ப்போம் என்றார். அதனால் நீ தொடர்ந்து படிப்பதானால் அந்தப் பயிற்சியை மட்டும் தட்டிக் கழிக்காதே. அறையையும் இன்னொரு பெண்ணோடு பகிர்ந்துகொள், வாடகை பாதியாகும், பேச்சுத் துணைக்கும் ஆள் ஆச்சு.

இன்னொரு கூத்தைக் கேள். விலை கூடின சாமானைக் கண் மட்டத்தில் வைக்கச் சொல்லி நீ அப்பாவிடம் சொன்னாய் அல்லவா? மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏணி மேல் ஏறி இறங்கி அடுக்கினார். ஒரு ஈ காக்கைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் போய் எதிரில் நின்றேன், எனக்குப் பாத்திரத்தின் அடிப்பாகம்தான் தெரிந்தது! நெட்டை மனுஷன் தன் கண் மட்டத்துக்கு அடுக்கியிருக்கிறார். வாங்க வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் என்னைப் போலக் குள்ளச்சிகள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. இரண்டு தட்டு கீழே இறக்கினோம், ஒரு வருடமாகத் தூசி படிந்து கிடந்த கனமான சட்டிகள் எல்லாம் காலி. அப்பா போகிற வருகிறவரிடமெல்லாம் எம் பொண்ணு சொன்னது என்று பீற்றிக்கொண்டு திரிகிறார். அதற்காக நாலு சட்டி விற்றதை வைத்து உன் எதிர்காலத்தை முடிவு செய்ய முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அன்றைக்குப் போனில் அதை விளக்கும்போது உன் குரலில் இருந்த குஷி இருக்கிறதே, அதை நான் ரொம்ப நாள் கழித்துக் கேட்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடையைப் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினாயே, உனக்குக் கடை மேல் ஆசை வந்து எழுதியிருந்தால் நான் மாலையோடு நின்று வரவேற்பேன். எங்களுக்குச் செலவு வைத்துவிட்டோமே என்று பயந்து எழுதியிருக்கிறாய். பெற்றவளுக்கு அதுகூடவா தெரியாது? நாங்கள் உனக்குக் கடன் கொடுக்கவில்லையடி, வட்டியோடு வந்து நிற்க. நீ மூன்றரை வருடத்தில் எடுத்தாலும் சரி, எடுக்காமலே போனாலும் சரி, இந்த வீட்டில் யாரும் உன்னைக் கேட்கப் போவதில்லை.

கடையை முன்பக்கம் நீட்டிக் கட்டச் சேர்த்த பணத்தை அப்பா நாளை காலை உன் கணக்கில் போடுகிறார். கடை இன்னும் கொஞ்ச நாள் குறுகலாகவே இருக்கட்டும், அதற்கு அழாதே. அதை வைத்துக் கட்டணம் கட்டுவாயோ, டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊருக்கு வருவாயோ, உன் இஷ்டம். வந்தால் உன் அறை அப்படியே இருக்கிறது. ஒன்றே ஒன்று, எங்களுக்காக என்று மட்டும் எந்த முடிவும் எடுக்காதே.

நினைத்தது நடந்து, தலை நிமிர்ந்து, நீ நன்றாக இருக்க வேண்டும். அப்பாவின் ஆசியும் இதில் சேர்த்தி. இருமலுக்கு மருத்துவரைப் பார், மறக்காதே. வெள்ளிக்கிழமை ஒரு வரி எழுது. எவ்வளவு வரும், எப்போது வரும் என்று எழுத வேண்டாம், உனக்கு என்ன வேண்டும் என்று எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா