பாலம் இடிக்க நான் வைத்த தேதி

செஞ்சி
22.3.2026, ஞாயிறு

தமிழினிக்கு நைனா எழுதுவது.

மார்ச் 18, புதன்கிழமை, மாலை 5 மணி 20 நிமிடம். இடிபட்டுக்கொண்டிருந்த பாலத்துக்கு இரண்டு பக்கமும் நின்ற பேருந்துகள் 143. திருநெல்வேலி விளையாட்டு விடுதியில் நீயும் அறைத் தோழிகளும் பார்த்த வீடியோ அப்போது எடுத்ததுதான். அதில் திட்டு வாங்கிக்கொண்டு நிற்பது நான்தான், மறைக்க ஒன்றுமில்லை. மற்றபடி நானும் அம்மாவும் நலம், உன் முழங்கால் வீக்கம் வற்றியதா, பயிற்சியாளர் ஓடச் சொன்னாலும் வலித்தால் ஓடாதே.

நெடுஞ்சாலைக்கு மேலே போகிற அந்தப் பழைய பாலத்தை இடிக்கக் கீழே சாலையை ஐந்து மணி நேரம் மூட வேண்டும், அதற்காக எங்களிடம் தினக்கூலிக்கு வேலை செய்யும் துரைக்கண்ணு ஒரு வாரம் வெயிலில் உட்கார்ந்து வண்டிகளை எண்ணிக் கொடுத்தார், புதன் மதியம்தான் குறைவு என்று தெரிந்தது, நான் உடனே 18ஆம் தேதி என்று எழுதிவிட்டேன். "சார், அன்னிக்கு அமாவாச, மேல்மலையனூரு கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸுங்க வந்துனே இருக்கும் சார்" என்றார். "எண்றதோட உன் வேல முடிஞ்சிது" என்றேன்.

இரண்டு மணிக்கு மூடினோம், நான்கு மணிக்கெல்லாம் பேருந்துகள் குவிந்துவிட்டன. பாதி உடைந்த பாலம் தலைக்கு மேலே நிற்கும்போது ஒரு சைக்கிளைக்கூடக் கீழே விட முடியாது, விடவில்லை, அது சரிதான். ஆனால் கையில் எலுமிச்சை மாலையோடு ஒரு அம்மா இறங்கி வந்து, "இன்னா இன்ஜினியரு நீ, உங்கூட்ல காலண்டரே மாட்டலியா" என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் சிரித்தது வீடியோவிலும் கேட்கும். ஏழு மணிக்குத்தான் வழிவிட்டோம்.

இப்போது மேலாளர், வண்டிக் கணக்கு தப்பு என்று எழுதிக் கொடு, விஷயம் முடிந்துவிடும் என்கிறார். துரைக்கண்ணுவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நீ வருத்தப்படக் கூடாதென்று உன் அம்மாவும் போனில் அவர் கணக்குதான் தப்பு என்று சொல்லியிருக்கிறாள், நீ அறைத் தோழிகளிடமும் சொல்லிவிட்டாயாம். அது பொய். அவர் எண்ணியதில் ஒரு வண்டிகூடப் பிசகவில்லை. தோழிகளிடம் திருத்திச் சொல்லிவிடு, மறக்காதே, கூச்சமாக இருந்தால் இருக்கட்டும்.

நேரத்துக்குச் சாப்பிடு. உனக்கு எல்லாம் நல்லபடியாக அமையட்டும். இனி நான் செய்யப்போவது:

1. நாளை காலை ஒன்பது மணிக்கு, தேதி வைத்தது நான், துரைக்கண்ணு எச்சரித்தும் கேட்கவில்லை என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.
2. சிங்கவரத்தில் துரைக்கண்ணுவின் வீட்டுக்கே போய், அவர் மனைவி எதிரிலேயே அவரிடம் மன்னிப்புக் கேட்பேன்.
3. என் வேலை போனால் நானே உனக்குச் சொல்வேன். அம்மா மூலமாக இல்லை.

நைனா
இளவழகன்