பஸ் நின்றதும் மாயமானவர்

அனுப்புநர்:
பிரிஜெட் கிளிஃபர்ட்,
இயற்பியல் விரிவுரையாளர்,
தொம்மலூர், பெங்களூரு.

பெறுநர்:
செயற்பொறியாளர் அவர்கள்,
சாலைப் பராமரிப்புப் பிரிவு, பெங்களூரு.

பொருள்: பேருந்து நிறுத்தச் சுவரில் வரைந்த இயற்பியல் படக்கதையின் பின்பாதிக்கு வெள்ளையடித்தது – மீண்டும் வரைய அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களுக்குத் தமிழ் வாசிக்க வரும் என்று அறிந்து இதைத் தமிழில் எழுதுகிறேன். கன்னடப் படியும் இணைத்துள்ளேன்.

1. எங்கள் நிறுத்தம் வளைவில் இருப்பதால் பேருந்துகள் திடீரென்று பிரேக் போடுவதும், உள்ளே நிற்பவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்வதும் வழக்கம். எனவே தங்கள் அலுவலக அனுமதி பெற்று, அங்குள்ள சுவரில் நான்கு கட்டங்களில் ஒரு படக்கதை வரைந்தேன். முதல் கட்டத்தில் தொப்பையும் மீசையுமாக ஒருவர், கம்பியைப் பிடிக்காமல் போனைப் பார்த்தபடி நிற்கிறார். அடுத்ததில் ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். மூன்றாவதில் அந்த மனிதர் பறக்கிறார்: "பஸ் நின்னுடுச்சுன்னு எனக்கு யாருமே சொல்லலியே!" கடைசியில் கம்பியைப் பிடித்திருக்கிறார். கம்பி சொல்கிறது: "நான் சொல்றேன் சார், கைய விடாதீங்க." நிலைமம் என்பது இவ்வளவுதான் ஐயா. இதையே வகுப்பில் புரியவைக்க எனக்கு இரண்டு வாரம் பிடிக்கிறது.

2. பலன் உடனே தெரிந்தது. நடத்துநர் காந்தா என்னிடம் சொன்னது: "மேடம், இப்பல்லாம் நான் கத்தவே வேணாம். 'யாருமே சொல்லலியே'ன்னு சிரிச்சிக்கிட்டே கம்பிய புடிச்சிக்கிறாங்க."

3. இந்நிலையில், தங்கள் உதவிப் பொறியாளர் திரு. நரேஷ் அவர்கள் சாலையைப் பார்வையிட, நான் உட்கார்ந்திருந்த பேருந்தில் போனும் கையுமாக வந்தார். பிரேக் விழுந்தது. அவர் என் மடியில் விழுந்தார். "ஐயோ, சுவத்துல இருக்கிற சாரு!" என்று பின்னாலிருந்து யாரோ கூவ, பேருந்தே சிரித்தது. "என்னைப் பாத்துத்தானே வரைஞ்சீங்க?" என்று அவர் கேட்டார். அவரை அதற்குமுன் நான் பார்த்ததே இல்லை. அந்தத் தொப்பைக்கு உரியவர் என் கணவர் கிளிஃபர்ட். ஒப்பிட்டுப் பார்க்க அவருடைய பக்கவாட்டுப் புகைப்படம் இணைத்துள்ளேன். தேவைப்பட்டால் நேரிலும் ஆஜராவார்.

4. மறுநாள் காலை பின்னிரண்டு கட்டங்களும் வெள்ளையாக இருந்தன. இப்போது கதைப்படி பிரேக் போட்டதும் மனிதர் காணாமல்போகிறார். "ஆளே மாயமாயிடுவாரு போல மச்சி" என்று ஒரு கல்லூரி மாணவர் நண்பருக்கு விளக்கியதை நானே கேட்டேன். இது இயற்பியலுக்கு முற்றிலும் விரோதமானது.

5. நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் சென்ற திங்களன்று பூ விற்கும் வீணா பேருந்தில் விழுந்ததில் அவருடைய மணிக்கட்டு எலும்பு விரிசல் கண்டது. ஒரு கையால் பூக் கட்ட முடியாது. படம் இருந்திருந்தால் விழுந்திருக்கமாட்டார் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. ஆயினும் அன்றிலிருந்து அந்த வெள்ளைச் சுவரைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

6. ஆகவே அழிக்கப்பட்டவற்றை என் செலவிலேயே மீண்டும் வரைய அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். மீசையை எடுத்துவிடுகிறேன், தொப்பையைக் குறைக்கிறேன். அதுவும் போதாதென்றால் விழுபவருக்கு என் முகத்தையே வைக்கிறேன். இன்னொன்றையும் தங்கள் பார்வைக்குக் கொண்டுவருவது என் கடமை: திரு. நரேஷ் அவர்கள் இப்போது பேருந்தில் ஏறியதும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துக்கொள்கிறார். படக்கதை அவருக்கு முழுப் பலன் அளித்துவிட்டது. மற்ற பயணிகளுக்கும் அதே பலன் கிட்டத் தாங்கள் ஆவன செய்ய வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) பிரிஜெட் கிளிஃபர்ட்

இடம்: பெங்களூரு
நாள்: 14.07.2025