கிராமச் சங்கத்தில் போட்ட கையெழுத்து

அம்மான் நகரம், ஜோர்டான், மார்ச் 1982

அன்புள்ள அப்பாவுக்கு வஜீஹின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாகச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

நேற்று ரொட்டிக்கடையில் ஒரு தட்டு ரொட்டியைக் கரியாக்கிவிட்டேன். ரேடியோ கேட்டுக்கொண்டு நின்றதால் வந்த வினை. அங்கே நம் ஊர்ப்பக்கத்தைப் பிடித்து வைத்திருக்கும் இஸ்ரேல் ராணுவம் வளர்க்கும் கிராமச் சங்கத்திலிருந்து ஒரு மாதத்துக்குள் விலகாதவன் துரோகி, அவனுக்கு மரண தண்டனை என்று ஜோர்டான் அரசு அறிவித்தது. முதலாளி அபூ ஷுக்ரி என்னைப் பார்த்து, "என்னடா, உங்கப்பன் பேரை வாசிச்ச மாதிரி முழிக்கிற?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கரிந்த ரொட்டிகளை வாரிக் குப்பையில் கொட்டினேன்.

விடுதலை இயக்கத்தை ஆதரிக்கும் மேயர்கள் சொன்னால் ராணுவம் கேட்காது, சங்கம் சிபாரிசு செய்தால்தான் நான் ஜோர்டான் நதிப் பாலம் தாண்டி ஊருக்கு வர அனுமதி கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதற்காகத்தான் கையெழுத்துப் போட்டீர்கள். உடனே விலகிவிடுங்கள், அப்பா. ராணுவம் கோபித்துக்கொள்ளும், தெரியும். ஆனால் சங்கத்து ஆட்களை நம் ஊர்க்காரர்களே எப்படிப் பார்க்கிறார்கள் என்பதும் தெரியும்.

இதைக் கொண்டுவரும் ஹாஜியா வத்ஃபா அடுத்த வாரம் இங்கே திரும்புகிறார். அவரிடம் என் பழுப்புக் கம்பளிச் சட்டையையும், ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள அம்மா இடித்த ஸஅத்தர் மூலிகைப் பொடி கொஞ்சமும் கொடுத்தனுப்புங்கள். இங்கே இன்னும் குளிர்கிறது.

வண்டி கிளம்புகிறது. படித்ததும் எரித்துவிடுங்கள். பெருநாளுக்கு எப்படியாவது என்னைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று அழுது எழுதினேனே, அந்தக் கடிதத்தையும். ஏன் விலகினீர்கள் என்று யாராவது கேட்டால், மகனுக்கு ஊருக்கு வர இஷ்டமில்லை என்று சொல்லிவிடுங்கள்.

வஜீஹ்